செங்கல் சுவர் ஏன் தட்டையாகத் தெரிகிறது?

மெய்நிகர் உலகத்தில் வீடும் வீதியும் கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். இந்த முறை எல்லாமே டெக்ஸ்ச்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்), பம்ப் மேப் (பரப்பில் மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் வித்தை) பற்றியவை, பெரும்பாலும் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் கட்டுகிறவர்களிடமிருந்து வந்தவை.

கேள்வி: செகண்ட் லைஃபில் ஒரு சின்ன வீடு கட்டி, சுவருக்கு நல்ல செங்கல் டெக்ஸ்ச்சர் போட்டேன். பம்பினஸ் என்ற இடத்தில் 'பிரிக்ஸ்' தேர்ந்தெடுத்தேன். கோடுகள் செங்கலோடு ஒட்டவில்லை, செங்கலின் நடுவில் எல்லாம் ஓடுகின்றன. என் தோழிக்கோ சுவர் வெறும் படம் ஒட்டினது மாதிரிதான் தெரிகிறதாம். எங்கே கோளாறு?

பதில்: உங்கள் படத்தில் கோளாறு இல்லை. பிரிக்ஸ், பார்க், கிராவல், வீவ் என்று அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் வியூவரோடு, அதாவது செகண்ட் லைஃபுக்குள் போகப் பயன்படுத்தும் மென்பொருளோடு, வரும் ரெடிமேட் வடிவங்கள். அந்த 'பிரிக்ஸ்' வடிவத்தில் எத்தனை வரிசை, ஒவ்வொரு கல்லும் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டது, நீங்கள் போட்ட படத்தில் எட்டு வரிசை இருக்கிறதா பன்னிரண்டு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதே பட்டியலில் 'பிரைட்னஸ்', 'டார்க்னஸ்' என்று இரண்டு உண்டு, பலரும் அதைத் தொடுவதே இல்லை. அவை உங்கள் படத்தையே பார்த்து மேடு பள்ளம் போடும். பிரைட்னஸ் என்றால் வெளிறிய இடம் மேடு, டார்க்னஸ் என்றால் கறுத்த இடம் மேடு. உங்கள் சுவரில் கல்லுக்கு இடையில் உள்ள பூச்சு வெள்ளையாகவும் செங்கல் அடர் சிவப்பாகவும் இருந்தால் டார்க்னஸ்தான் போட வேண்டும், இல்லையென்றால் பூச்சு புடைத்துக்கொண்டு செங்கல் உள்ளே போய்விடும்.

ஆனால் இதிலும் ஒரு குறை இருக்கிறது. செங்கல் மேல் ஒரு கரி படிந்த கறை இருந்தால் அதையும் மேடு பள்ளமாகத்தான் கணக்கிடும், கறை எது குழி எது என்று நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது இல்லையா? அதனால் கொஞ்சம் மெனக்கெட முடிந்தால் தனியாக ஒரு நார்மல் மேப் (பரப்பு ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நிறத்தால் சொல்லும் படம்) செய்து போடுங்கள். 2013-லிருந்து செகண்ட் லைஃபில் அதற்கு இடம் இருக்கிறது. படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் 2.10-இல் நார்மல் மேப் ஃபில்டர் இருக்கிறது, இலவசம்தான். அந்த ஃபில்டருக்குக் கொடுக்கும் முன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கறைகளை எல்லாம் தேய்த்து எடுத்து, செங்கலை ஒரே சாம்பல் நிறமாகவும் இடுக்கை அதைவிடக் கறுப்பாகவும் ஆக்கிவிடுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் சுவர் சுவராகத் தெரியும்.

தோழி விஷயம் வேறு. அவர் பழைய வியூவர் வைத்திருந்தால், கிராஃபிக்ஸ் அமைப்பில் 'அட்வான்ஸ்டு லைட்டிங் மாடல்' டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் நார்மல் மேப் தெரியவே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிச்சத்தைப் பாருங்கள். பம்ப் மேப் முழுக்க முழுக்க வெளிச்சத்தை நம்பி இருக்கும் வித்தை. சூரியன் சுவருக்கு நேர் எதிரே நின்றால் எவ்வளவு நல்ல மேப்பும் மங்கிப்போகும். சூரியனை மாலை நேரத்துக்கு இறக்கிப் பாருங்கள், அல்லது சுவரை ஒட்டி ஓரமாக ஒரு விளக்கு வையுங்கள், ஒவ்வொரு கல்லும் எழுந்து நிற்கும். டெக்ஸ்ச்சர் சரியில்லை என்று வருகிற புகார்களில் நிறைய, உண்மையில் விளக்கு வைத்த இடம் பற்றிய புகார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: இந்த பம்ப் மேப்பை யார் கண்டுபிடித்தார்கள்? கம்ப்யூட்டர் கேமோடு வந்ததா?

பதில்: கேம்களில் பரவியது ரொம்பப் பின்னால்தான். பரப்பின் மேல் படத்தை ஒட்டும் முறையை எட் கேட்மல் 1974-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வில் செய்துகாட்டினார், பிற்பாடு பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். படம் ஒட்டினால் நிறம் வந்துவிடும், ஆனால் ஆரஞ்சுத் தோலைப் போன்ற சொரசொரப்பு வராது. அதற்கு ஜேம்ஸ் பிளின் 1978-இல் வழி சொன்னார். பரப்பை அசைக்காமல், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற கணக்கை மட்டும் புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் சாய்த்துவிட்டால், அந்தச் சாய்வுக்கு ஏற்ப வெளிச்சமும் நிழலும் விழும், பார்க்கிற கண் அதை மேடு பள்ளமாக எடுத்துக்கொள்ளும். எவ்வளவு அழகான யோசனை! இன்றைக்கும் நாம் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

கேள்வி: ஒரு தளத்திலிருந்து நார்மல் மேப் இறக்கிப் போட்டேன். மேலிருந்து வெளிச்சம் வந்தால், புடைத்திருக்க வேண்டிய ஆணித்தலைகள் எல்லாம் குழியாகத் தெரிகின்றன. ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சரியாக இருக்கிறது! தலை சுற்றுகிறது.

பதில்: பக்கவாட்டில் சரி, மேலிருந்து வெளிச்சம் வந்தால் தப்பு என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. நார்மல் மேப்பில் சிவப்பு இடம் வலம், பச்சை மேல் கீழ், நீலம் வெளிப்பக்கம். சமதளமான இடம் 128, 128, 255 என்று இருக்கும், அதனால்தான் முழுப் படமும் ஊதா கலந்த நீலமாகத் தெரிகிறது. பச்சையை எந்தத் திசையில் எண்ணுவது என்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் என்ற இரண்டு கிராஃபிக்ஸ் அமைப்புகளின் பெயரால் ஓபன்ஜிஎல் முறை ஒன்று, டைரக்ட்எக்ஸ் முறை இன்னொன்று, ஒன்றுக்கொன்று நேர் தலைகீழ். செகண்ட் லைஃப், முப்பரிமாண வடிவம் செய்யும் பிளெண்டர், கேம் செய்யும் யூனிட்டி எல்லாம் முதல் வழக்கம். கேம் செய்யும் இன்னொரு மென்பொருளான அன்ரியல் இரண்டாவது.

உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க, கிம்பில் பச்சை சேனலை மட்டும் தனியாகத் திறந்து ஒரு ஆணித்தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் மேல் விளிம்பு வெளுப்பாகவும் கீழ் விளிம்பு கறுப்பாகவும் இருந்தால் ஓபன்ஜிஎல். கீழ் விளிம்பு வெளுத்திருந்தால் டைரக்ட்எக்ஸ், அந்தப் பச்சை சேனலை மட்டும் தலைகீழாக்கிச் சேமியுங்கள், சரியாகிவிடும். சேமிக்கும்போது பிஎன்ஜி அல்லது டிஜிஏ. ஜேபெக் வேண்டவே வேண்டாம், அது சுருக்கும்போது உண்டாகும் சின்னச் சின்னக் கட்டங்கள் வெளிச்சம் பட்டதும் பரப்பில் சொறி மாதிரித் தெரியும்.

அப்புறம், ஒவ்வொரு தடவையும் லிண்டன் டாலர் (செகண்ட் லைஃபின் நாணயம்) கொடுத்து அப்லோடு செய்து பார்க்காதீர்கள். டெக்ஸ்ச்சர் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் 'லோக்கல்' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை அப்படியே காட்டும், கிம்பில் திருத்திச் சேமித்தால் சுவரிலும் மாறிவிடும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் நிதானமாகச் சோதித்துவிட்டு, திருப்தியான பிறகு ஏற்றுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும், கதவுக் கைப்பிடிக்குக்கூட, 1024 அளவு டெக்ஸ்ச்சர்தான் போடுகிறேன், ஃபைல் வெறும் 200 கேபிதான். ஆனாலும் என் கடைக்கு வருகிறவர்கள் நகர முடியவில்லை என்கிறார்கள்.

பதில்: டிஸ்கில் 200 கேபி, சரி. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும்போது பெரும்பாலும் அது விரிந்துவிடும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று போடுங்கள், 1024-க்கு 1024 என்றால் 4 எம்பி. அதோடு நார்மல் மேப் ஒரு 4, பளபளப்புக்கு ஒரு 4, ஆக ஒரே பரப்புக்கு 12 எம்பி. 512 போட்டால் மூன்றும் சேர்ந்தே 3 எம்பிதான். உங்கள் கடையில் கதவுக் கைப்பிடிக்குக் கூட 1024 போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியப்போகும் பொருளுக்கு 128 போதும், மிஞ்சிப்போனால் 256. பெரிய சுவருக்குக்கூட, விளிம்போடு விளிம்பு பொருந்தும் ஒரு 512 படத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் போதும். வருகிறவர் எல்லோரிடமும் நல்ல கார்டு இருக்காது. பழைய லேப்டாப்பில் வருகிறவரும் நம் விருந்தாளிதான், அவருடைய மெமரியை நாம் வீணாக்கக் கூடாது.

கேள்வி: இரண்டு செடிகளைப் பக்கத்தில் வைத்தால் பின்னால் இருப்பது முன்னால் வந்து வந்து போகிறது.

பதில்: ஒளி ஊடுருவும் இடங்களை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் ஆல்ஃபா மோடு 'பிளெண்டிங்' என்று இருக்கும். 'மாஸ்கிங்' ஆக்குங்கள், போய்விடும். இலையின் ஓரம் கொஞ்சம் வெட்டினாற்போல் தெரிந்தால் கட்ஆஃப் எண்ணை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கண்ணாடிக்கு மட்டும் பிளெண்டிங் இருக்கட்டும்.

கேள்வி: கருங்கல் படிக்கட்டுக்கு நார்மல் மேப் போட்டேன், நேரே பார்த்தால் பிரமாதம். பக்கத்திலிருந்து பார்த்தால் விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி நேர்கோடாக இருக்கிறது. மேப்பின் அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, கூட்டினால் படியின் மேற்பரப்பு கன்னங்கரேல் என்று ஆகும், அவ்வளவுதான். வடிவம் மாறாமல் வெளிச்சம் மட்டும் மாறுவதால் விளிம்புக்கோடு எப்போதும் அசல் மெஷ் (பொருளின் நிஜ முப்பரிமாண வடிவம்) எப்படியோ அப்படியேதான் இருக்கும். விளிம்பு தெரியும் இடத்தில் நிஜமாகவே மெஷ் வேண்டும். முழுப் படியையும் செதுக்கத் தேவையில்லை. பிளெண்டரில் படியின் முன்விளிம்பை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று இடத்தில் வெட்டுக் கொடுத்து, ஒரு புள்ளியைக் கொஞ்சம் கீழே, இன்னொன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பெவல் போட்டு விளிம்பைக் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். நடுப்பரப்பு தட்டையாகவே இருக்கட்டும், அதை நார்மல் மேப் பார்த்துக்கொள்ளும். ஒரே படியைச் செய்து அடுக்குவதாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றை இடம் வலமாகத் திருப்பி வையுங்கள், ஒரே உடைசல் எல்லாப் படியிலும் ஒரே இடத்தில் வராது.