கைவண்டி இழுத்தவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். ஜூலை 24 அன்று சால்ட் லேக் சிட்டியில், மார்மன்கள் இங்கே வந்து குடியேறியதை நினைவுகூரும் முன்னோடிகள் தின ஊர்வலம் பார்க்கப் போனேன். கூட வந்த தோழி பிலிப்பைன்ஸ்காரர், கல்லூரிக் காலத்தில், அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையில் சேர்ந்தவர். சுற்றி நின்றவர்கள் தங்கள் பாட்டன் பூட்டன் எந்த வண்டிக் கூட்டத்தோடு வந்தார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தோழி மெதுவாகச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை நான் இவர்களுக்குச் சகோதரி. இன்றைக்கு விருந்தாளி." ஞானஸ்நானத்தில் எல்லோரும் ஒன்று என்னும் சபையில் இந்த வம்சப் பெருமை எப்படி வந்தது? நம்மூர்ச் சாதி மாதிரிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சாதி என்று சொல்ல மாட்டேன். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெண் கொடுக்கக் கூடாது, அவர் பிஷப் ஆகக் கூடாது என்றெல்லாம் அங்கே விதி இல்லை. (கறுப்பினத்தவர் விஷயம் வேறு. அதற்கு வருகிறேன்.) ஆனாலும் உங்கள் தோழிக்கு வலித்தது நிஜம்.

1847 ஜூலையில் மார்மன் தலைவர் பிரிகாம் யங்கின் முதல் கூட்டம் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குள் வந்தது. 1869இல் ரயில் பாதை இணையும்வரை ஏறக்குறைய 70,000 பேர் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கேயே வாழ்ந்து, தங்களுக்குள்ளேயே மணம் முடித்து, தாத்தாவின் நாட்குறிப்பைப் பத்திரப்படுத்தினார்கள். 1901இல் தொடங்கிய 'யூட்டா முன்னோடிகளின் மகள்கள்' அமைப்பில் சேர, 1869 மே 10க்கு முன் அங்கே வந்த ஒரு மூதாதை வேண்டும். அது சபையின் அமைப்பு இல்லை. ஆனால் ஊரின் மனசு எப்படி என்பதை அது காட்டுகிறது. வழியில் குழந்தையைப் புதைத்துவிட்டு மேலே நடந்த ஒரு பாட்டியின் கதை வீட்டில் இருந்தால் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்? அந்தப் பெருமையை நான் குறைசொல்ல மாட்டேன்.

சரி, அந்தப் பாட்டி யார்? 1856இல் வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு கைவண்டிக் கூட்டங்கள் காலம் தாழ்த்திக் கிளம்பி வயோமிங் பனியில் மாட்டிக்கொண்டன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இங்கிலாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் புதிதாக மதம் மாறிய ஏழைகள். மாடு வாங்கப் பணம் போதாததால்தான் கைவண்டி. சொந்தபந்தத்தின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு, போகும் ஊரின் பாஷைகூடச் சரியாகத் தெரியாமல் கிளம்பியவர்கள் அவர்களில் உண்டு. இன்று சபையில் அவர்களுக்கு மிக நெருக்கமானவர் உங்கள் தோழிதான் என்று நான் நினைக்கிறேன். ஆறாம் தலைமுறைப் பேரனுக்கு அவர்களுடைய ரத்தம் வந்திருக்கிறது. வீட்டை எதிர்த்து ஒரு முடிவெடுத்த அந்த இரவு தோழிக்குத்தான் தெரியும்.

பயணம் செய்திருந்தால் மட்டும் மரியாதை கிடைத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1843இல் படகில் இடம் மறுக்கப்பட்டு, பஃபலோவிலிருந்து, மார்மன்கள் அப்போது வாழ்ந்த நாவூ என்ற ஊர் வரை ஏறத்தாழ 800 மைல் நடந்தார். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, ரத்தம் தரையில் பதிந்ததைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். 1847இலேயே சால்ட் லேக் வந்துவிட்டவர். சபையின் கோயிலுக்குள் நடக்கும் புனிதச் சடங்குகளுக்கு அனுமதி கேட்டுக் கேட்டு, முழுதாகக் கிடைக்காமலே 1908இல் இறந்தார். கறுப்பினத்தவருக்கு இருந்த அந்தத் தடை 1978இல்தான் நீங்கியது. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்மன் கோயில் திருமணத்துக்குள் சபையில் இல்லாதவர்கள் போக முடியாது. பழைய குடும்பத்துப் பெண்ணுக்குப் பெற்றோரும் தாத்தா பாட்டியும் உள்ளே இருப்பார்கள். மதம் மாறிய பெண்ணின் அம்மா வெளியே காத்திருக்க வேண்டும். எல்லோரும் பார்க்க முதலில் பொதுத் திருமணம் செய்துகொண்டால், கோயில் சடங்குக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதியாக இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். எத்தனையோ அம்மாக்களுக்கு அது தாமதமாக வந்த நல்ல செய்தி.

1996லிருந்தே சபையின் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் அமெரிக்காவுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். ஊர்வலத்தில் பூட்டன் கதை சொன்னவர்களிடம், "உங்கள் வீட்டில் முதலில் மதம் மாறியது யார், அப்போது அவருடைய அம்மா என்ன சொன்னார்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்புறம் அதே கேள்வியைத் தோழியிடமும் கேளுங்கள். அவர் சொல்லச் சம்மதித்தால் எனக்கும் எழுதுங்கள், அந்தக் கதையைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்