மோட்டாருக்கு இவ்வளவு, தலைக்கட்டுக்கு இவ்வளவு

கேள்வி: பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே போலீஸ் வைத்துக்கொண்டு, செலவைப் பகிர்ந்துகொள்ள முடியுமா? நம் பக்கம் இது நடக்குமா?

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாக்காரன். வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், தோப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. சட்டப்படி பதில் சுருக்கமானது. போலீஸ் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஸ்டேஷன் சம்பளம் மாநில அரசு தருவது. இரண்டு பஞ்சாயத்துகள் பணம் போட்டு ஒரு ஸ்டேஷன் திறந்துவிட முடியாது. ஆனால் செலவைப் பங்கிட்டு ஊர்க்காவல் வைத்தவர்கள் நாங்கள். அதில் பட்டதைச் சொல்கிறேன்.

நாலு வருஷம் முன்பு ஒரு கோடையில் போர்வெல் மோட்டார் கேபிள்கள் வரிசையாகக் களவு போயின. ராத்திரி அறுப்பார்கள், விடியும்முன் ரப்பரைக் கொளுத்திவிட்டுச் செம்பை மட்டும் எடுத்துப் போய்விடுவார்கள். என் கேபிள் போன அன்று காலையில் கருகிய வாடையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். எல்லைக்கல்லைத் தாண்டி இருபது அடியில், வாய்க்கால் ஓரம், சாம்பலும் உருகிக் கட்டியான ரப்பரும் கிடந்தன. இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் "எரிச்ச இடம் தமிழ்நாடு, அங்கே கொடுங்க" என்றார்கள். அங்கே போனால் "திருடு போனது கேரளாவிலதானே?" என்றார்கள். தண்ணீர் இல்லாமல் ஒன்பது நாள் வாடிய தக்காளியை யாரிடம் காட்டுவது?

(2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிந்துகொள்ள வேண்டும். திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.)

அப்புறம் இரண்டு பக்கத்து ஆட்களும் மாரியம்மன் கோயில் முன்னால் கூடினோம். ராத்திரிக் காவலுக்கு ஓர் ஆள், மாதம் 12,000 ரூபாய். அதில் யாருக்கும் மறுப்பில்லை. யார் எவ்வளவு தருவது என்பதில்தான் மூன்று கூட்டம் போயிற்று. கோயில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) வசூலிப்பது மாதிரி குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடலாம் என்றார் ஒருவர். கூலி வேலைக்குப் போகிறவர்கள், "எங்ககிட்ட அறுத்துட்டுப் போக என்ன கேபிள் இருக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மூன்று மோட்டார் வைத்திருப்பவர் தன் தோட்டம் ஒரே தோட்டம், ஒரு பங்குதான் தருவேன் என்றார். ஏக்கர் கணக்குப் போட்டால் மானாவாரிக்காரர்கள் தலையில் விழும். அப்போது ஓர் ஆத்தா, "எனக்கு ரெண்டு ஆடு இருக்குதுங்க. அதையும் பாத்துக்குவாங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பேச்சு மாறியது. மோட்டார் ஒன்றுக்கு 150, வீட்டுக்கு 30, ஆடு மாட்டையும் பார்க்க வேண்டும் என்று முடிவானது. 60 மோட்டார், 110 வீடு. மாதம் 12,300 ரூபாய், சம்பளம் போக 300 மிச்சம்.

இதே பங்கீட்டுப் பேச்சு வெளிநாட்டில் பெரிய அளவில் நடக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சின்ன ஊர்கள் பல சேர்ந்து ஒரே வட்டாரப் போலீஸ் வைத்துக்கொள்கின்றன. தலை எண்ணிக்கையா, சொத்து மதிப்பா, ரோந்து நேரமா என்று அங்கேயும் பேரம்தான். கனடாவின் ஒன்டாரியோவில் 2015 முதல் மாகாணப் போலீஸ் ஊர்களுக்கு அனுப்பும் பில்லில் ஒரு பகுதி சொத்து எண்ணிக்கைப்படி, இன்னொரு பகுதி வந்த அழைப்புகளின்படி. இந்த இரண்டாவது பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டால் பில் ஏறும் என்று தெரிந்தால், கூப்பிடாதே என்று சொல்ல ஊரில் நாலு பேர் கிளம்புவார்கள். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணின் அழைப்புதான் முதலில் அடங்கும். அதே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண முறை மேல். அங்கே மத்தியப் போலீஸை ஒப்பந்தத்தில் அமர்த்தும் ஊர்களில், 5,000 முதல் 15,000 பேர் வரை உள்ளவை 70 சதவீதம், அதற்கு மேற்பட்டவை 90 சதவீதம் கட்டுகின்றன. சிறிய ஊருக்குச் சுமை குறைவு.

நம் நாட்டிலும் செலவுப் பங்கீடு புதிதல்ல. வாளையாறு வழியாகப் போகிற ரயிலில் வருகிற மாநில ரயில்வே போலீஸின் செலவு மாநிலத்துக்குப் பாதி, ரயில்வேக்குப் பாதி. இரண்டு மாநிலங்களின் பகுதிகளைச் சேர்த்துத் தனிப் போலீஸ் மாவட்டம் அமைக்கக்கூட 1888-ஆம் வருஷப் போலீஸ் சட்டத்தில் வழி இருக்கிறது. 1861 சட்டத்திலோ வேறு மாதிரி: கலவரம் நடந்த பகுதியில் கூடுதல் போலீஸை நிறுத்தி, செலவை அங்கே குடியிருப்பவர்களிடமே வசூலிக்கலாம். அது தண்டம். கொடுப்பவனுக்கு ஒரு பேச்சும் கிடையாது.

அதனால் என் கருத்து இது. போலீஸுக்கு என்று ஊர்களிடம் பணம் கேட்டால், ரோந்து எந்த வழி, எத்தனை மணிக்கு என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். எல்லையோரத்துக்கு உண்மையில் வேண்டியது இரண்டு மாவட்டப் போலீஸும் சேர்ந்து போகும் ஒரு ராத்திரி ரோந்து வண்டி. டீசல் செலவை இரண்டு அரசும் பாதி பாதி போட்டுக்கொள்ளட்டும். இதை இரண்டு பக்கமும் மனுவாகக் கொடுத்திருக்கிறோம்.

ஊர்க்காவல் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. காவல்காரர் யாரையும் அடிக்கக் கூடாது, விசில் அடித்து ஆளைக் கூட்டி, போலீஸுக்குப் போன் போடுவதோடு சரி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் கட்டாதவர் மோட்டாரைப் பார்ப்பதா வேண்டாமா என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் எழுதவில்லை. முதல் வருஷம் 11 மோட்டார் பாக்கி, காவல்காரருக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனது. இப்போது நோட்டில் எழுதியிருக்கிறோம்: பாக்கி வைத்தாலும் காவல் உண்டு, அடுத்த நோம்பிக் கணக்கில் வட்டியில்லாமல் பிடித்துக்கொள்வோம்.