'அவர்' என்றால் ஹியா, ஷியா?

கேள்வி: தமிழ் வழியில் படித்துப் பட்டம் பெற்று, அலுவலக வேலையில் இருக்கிறேன். ஆங்கிலச் சொற்கள் ஓரளவு தெரியும். ஆனால் பேசும்போது, மேலாளரான பெண்மணியை 'ஹி' என்று சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதினால் ஒரு வரி இறந்தகாலத்தில் இருக்கிறது, அடுத்த வரி நிகழ்காலத்துக்குத் தாவிவிடுகிறது. பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிப்பேன். பேசும் நேரத்தில் அது கைகொடுப்பதில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். நீங்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஆங்கில விதி தெரியாததால் வருபவை அல்ல. தமிழில் சரியாக யோசித்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் வைப்பதால் வருபவை. எந்தெந்த இடத்தில் இரண்டு மொழிகளும் பிரிகின்றன என்று தெரிந்துகொண்டால் போதும். அப்படிப்பட்ட இடங்கள் நீங்கள் பயப்படும் அளவுக்கு அதிகம் இல்லை.

'ஹி', 'ஷி' சிக்கலை எடுத்துக்கொள்வோம். மேலாளரை நினைக்கும்போது உங்கள் மனத்தில் எழும் சொல் 'அவர்'. அதில் மரியாதை இருக்கிறது, ஆண் பெண் என்ற குறிப்பு இல்லை. ஆங்கிலமோ அந்தக் குறிப்பைத்தான் கேட்கிறது. பதில் தயாராக இல்லாததால் நாக்கு பழகிய 'ஹி'யைப் பிடித்துக்கொள்கிறது. 'அவள்' என்று நீங்கள் அழைக்கும் தோழியைப் பற்றிப் பேசும்போது இந்தத் தடுமாற்றம் குறைவதைக் கவனித்துப் பாருங்கள். ஆகவே, பேச்சைத் தொடங்கும்போது மேலாளரின் பெயரைச் சொல்லுங்கள். ஆள் கண்முன் வந்த பிறகு 'ஷி' என்று தொடருங்கள். தவறி 'ஹி' வந்துவிட்டால் 'ஷி' என்று ஒருமுறை திருத்திவிட்டு மேலே போங்கள். நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

'அவர்கள்' என்ற மரியாதைப் பன்மையும் ஆங்கிலத்துக்கு வராது. அம்மாவைக் குறிக்க 'ஷி' போதும். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒருவரைக் குறிக்க 'தே' வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யாரென்று தெரியாத ஒருவர் பையை விட்டுச் சென்றால் 'சம்ஒன் லெஃப்ட் தேர் பேக்' என்பது சரியான ஆங்கிலம். பல நூற்றாண்டுகளாக இருக்கும் வழக்கு. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ குறிக்க விரும்பாதவரையும் இன்று 'தே' என்கிறார்கள். 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். பிறர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும் வாக்கியம் அது. சுட்டுப்பெயர், காலம் என்ற உங்கள் இரண்டு சிக்கல்களும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. 'நான் கையெழுத்திடுகிறேன் என்று மேலாளர் சொன்னார்' என்பது குறையில்லாத தமிழ். 'என்று' இருப்பதால் அவருடைய சொற்களை மாற்றாமல் வைக்கிறோம். அந்த 'நான்' மேலாளர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இதையே 'தி மேனேஜர் செட் ஐ வில் சைன்' என்று கடிதத்தில் எழுதினால், கையெழுத்திடப் போவது நீங்கள் என்று பொருளாகிவிடும். அலுவலகத்தில் இது சிறிய பிழை அல்ல.

இதற்கு வழி தமிழுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும் முன், 'என்று' வாக்கியத்தை 'ஆக' வாக்கியமாக மாற்றிக்கொள்ளுங்கள்: 'தான் கையெழுத்திடுவதாக மேலாளர் சொன்னார்.' 'நான்' மறைந்து 'தான்' வந்துவிட்டது. அந்தத் 'தான்' ஆங்கிலத்தில் 'ஷி'. 'சொன்னார்' இறந்தகாலம் என்பதால் 'வில்' என்பது 'வுட்' ஆகும். 'தி மேனேஜர் செட் ஷி வுட் சைன்.' இந்த ஒரு மாற்றத்தை மட்டும் சில நாட்கள் விடாமல் பழகிப் பாருங்கள். நூறு விதிகளைப் படிப்பதைவிட இது அதிகம் கற்றுத்தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

'தன்' என்பதற்கும் இதே கவனம் வேண்டும். 'மாலா கீதாவிடம் தன் பேனாவைக் கொடுத்தாள்' என்றால் பேனா மாலாவுடையது என்று தெளிவாகிறது. ஆங்கில 'ஹெர்' அந்தத் தெளிவைத் தராது; இருவரில் யாருடைய பேனாவாகவும் இருக்கலாம். குழப்பம் வரும் என்று தோன்றினால் பெயரையே மீண்டும் எழுதுங்கள். பெயரைத் திருப்பிச் சொல்வது நடைக்குக் குறை என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அலுவலகக் கடிதத்தில் தெளிவுதான் நடை.

அடுத்து, காலம். ஆங்கில வினைச்சொல் தன் வடிவத்தை மாற்றிக் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டுக்கு மட்டும்தான். எதிர்காலத்துக்கு 'வில்' போன்ற துணை வேண்டும். அட்டவணையில் உள்ள மற்றவை எல்லாம் 'பி', 'ஹேவ்' என்ற துணைவினைகளைச் சேர்த்துக் கட்டியவை. அவற்றில் பாதி உங்கள் வேலைக்கு அரிதாகத்தான் தேவைப்படும்.

தேவைப்படுவதில் நாம் அதிகம் தவறுவது 'ஹேவ்' வரும் இடம். 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்று தமிழில் தயங்காமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ சென்ட் இட் எஸ்டர்டே' என்பதே சரி. நேரத்தைக் குறிப்பிடாமல், அனுப்பியாயிற்று என்ற நிலையை மட்டும் சொன்னால் 'ஐ ஹேவ் சென்ட் இட்'. எழுதும்போது உங்களையே கேளுங்கள்: முடிந்துபோன நேரம் ஒன்றை நான் குறிப்பிடுகிறேனா?

'ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்' என்பதில் தமிழ் நிகழ்காலத்தோடு நின்றுவிடும். ஆங்கிலம் பின்னோக்கியும் பார்க்கச் சொல்கிறது: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.' நீளத்தைச் சொன்னால் 'ஃபார்'. 2020 முதல் என்று தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. 'டிட்' வந்தால் அடுத்த வினை மாறாது. 'டிட் யூ கோ' என்பதே சரி, 'வென்ட்' வேண்டாம். 'ஹேட்' போட்டால் வாக்கியத்துக்குக் கனம் கூடும் என்று நினைத்துப் பலர் அள்ளித் தெளிக்கிறார்கள். கடந்துபோன இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்று காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அதை எழுதுங்கள்.

காலம் வரிக்கு வரி தாவுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தாவுவது எப்போதும் பிழையாகாது. நேற்றைய கூட்டத்தில் நடந்ததை இறந்தகாலத்தில் எழுதுவீர்கள். நடுவே 'அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கிறது' என்ற வழக்கமான செய்தி வந்தால் அது நிகழ்காலத்தில்தான் இருக்கும். காரணம் இல்லாமல் தாவுவதுதான் பிழை. கடிதத்தை எழுதி முடித்ததும் வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடிடுங்கள். பிறகு அவற்றை மட்டும் வரிசையாகப் படியுங்கள். காலம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் காரணம் சொல்ல முடிந்தால் விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் முந்தைய வினையின் காலத்துக்கே திருப்பிவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள்.