வானம் வெளுத்து, மலை கறுத்தால்

வணக்கம். மொரீஷியஸின் லா கோலெத் கரையிலிருந்து மாலையில் எடுத்த லெ மோர்ன் மலைப் படத்தில் வானம் வெளுத்துவிட்டது, மலை கரிக்கட்டியாகிவிட்டது என்றீர்கள். கேமராவில் கோளாறில்லை. 556 மீட்டர் கறுத்த எரிமலைப்பாறை, அதன் பின்னால் சூரியன். ஒரே சொடுக்கில் இரண்டும் சிக்குவது கடினம்.

முதலில் வானத்தைக் காப்பாற்றுங்கள். வெளுத்தது திரும்பாது, இருட்டை ஓரளவு மீட்கலாம், ரா கோப்பாக (கேமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் கோப்பு) இருந்தால். ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைப் பிரகாசமான மேகத்தில் வைத்து, அது காட்டுவதைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு) கூட்டிப் பாருங்கள். பிறகு ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடத்தில், சிவப்பை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அந்திவானத்தில் சிவப்புதான் முதலில் வலது சுவரில் முட்டி வெளுக்கும், மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரிந்தாலும்.

ட்ரைபாட் இருந்தால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து இணைக்கலாம். ஆடும் படகை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுங்கள், இல்லையேல் பேய்போல இரட்டையாகத் தெரியும். வானத்தை மங்கவைக்கும் பாதி கறுத்த ஃபில்டர் இங்கே வேண்டாம், மலையுச்சியை இன்னும் கறுப்பாக்கிவிடும்.

என்னைக் கேட்டால், மாலையில் மலையை நிழலுருவாகவே விடுங்கள். நீர் வற்றும் நேரத்தில் குந்தி உட்கார்ந்தால் காலடித் தேக்கத்தில் வானம் முழுதும் கிடக்கும். அதுவே உங்கள் முன்புலம். மலையை ஓரமாக நிறுத்தி, அதன் விளிம்பைப் படகின் பாய்மரம் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறையின் வரிகள் வேண்டுமா? காலையில் போங்கள், வெயில் கரையைப் பார்த்த முகத்தில்தான் விழும்.