ஆப்பிரிக்காவில் ராணுவக் கவிழ்ப்புகள் ஏன் நடக்கின்றன, எப்படித் தடுப்பது என்று ஆய்வு செய்வதால் பயன் உண்டா?

தலைப்பைச் சொன்னதும் உங்கள் கைடு முகம் சுளித்திருப்பார், வீட்டில் "அந்த ஊரைப் பற்றி உனக்கென்ன?" என்று கேட்டிருப்பார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். 2018-இல் இதே தலைப்பில் எம்.ஃபில். முடித்தவன் நான். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் சுத்தத் தப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கவிழ்ப்புகளின் காலம் முடிந்துவருகிறது என்று அதில் எழுதியிருந்தேன். சும்மா எழுதவில்லை. துப்பாக்கி முனையில் வரும் அரசை ஏற்பதில்லை என்று 2000-இல் டோகோவின் தலைநகர் லோமேயில் ஆப்பிரிக்க நாடுகளே முடிவெடுத்தன. 2015-இல் புர்கினா ஃபாசோவில் அதிபர் காவல்படை இடைக்கால அதிபரைப் பிடித்து வைத்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், மற்ற ராணுவம் தலைநகருக்குள் வந்தது, ஒரே வாரத்தில் கதை முடிந்தது. 2017 ஜனவரியில், தேர்தலில் தோற்றும் நகர மறுத்த காம்பியா அதிபர் ஜாமேயை அண்டை நாடுகள் படை அனுப்பிக் கிளப்பின. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள்.

வாய்மொழித் தேர்வில் என்னை மடக்கியது ஜிம்பாப்வே. 2017 நவம்பர் 15 விடியற்காலை, ராணுவ உடுப்போடு ஒரு மேஜர் ஜெனரல் அரசுத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இது ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதல்ல என்று தாளைப் பார்த்து வாசித்தார். ஆறே நாளில் அதிபர் முகாபே ராஜினாமா. வாசித்தவர் மாதக் கடைசியில் வெளியுறவு அமைச்சர்! ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஆப்பிரிக்க ஒன்றியம் ஜிம்பாப்வேயின் உறுப்புரிமையை இடைநிறுத்தவில்லை, அதனால் என் அட்டவணையில் "கவிழ்ப்பு அல்ல" என்று போட்டிருந்தேன். தேர்வாளர் அந்த வரியில் பேனாவை வைத்து, "அவங்க சொன்னாத்தான் கவிழ்ப்பா?" என்றார். அசடு வழிந்தேன்.

அப்புறம் 2020 ஆகஸ்டில் மாலி. தொடர்ந்து கினி, சூடான், ஒரே வருடத்தில் இரண்டு முறை புர்கினா ஃபாசோ, நைஜர், காபோன். நண்பர்கள் என் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுச் சிரித்தார்கள்.

துப்பாக்கியோடு வருபவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் தப்பு. கினியில் அதிபர் ஆல்ஃபா கோண்டே 2020 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தி அரசியலமைப்பை மாற்றி, இரண்டு முறை என்ற வரம்பைக் கடக்க வழி செய்துகொண்டார், அக்டோபரில் மூன்றாம் முறை ஜெயித்தார். ஆட்சி மாற்றத்துக்குக் குறுக்கே நிற்கும்படி அரசியலமைப்பைத் திருத்துவதும் குற்றமே என்று ஒன்றியத்தின் 2007 சாசனம், 23-ஆம் பிரிவில் சொல்கிறது. அதற்காக யாரும் கினியை இடைநிறுத்தவில்லை. 2021 செப்டம்பரில் அவருடைய சிறப்புப் படையே அவரைத் தூக்கியதும் இடைநிறுத்தம் பறந்து வந்தது. சாட் நாட்டில் அதிபர் இறந்ததும் மகன் ராணுவக் குழுவோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே இடைநிறுத்தமும் இல்லை. கவிழ்த்தவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்றும் சாசனத்தில் இருக்கிறது. காபோனில் கவிழ்த்தவரே 2025-இல் நின்று ஜெயித்தார்.

உடனே ராணுவத்துக்கு வக்காலத்து என்று கமெண்டில் பாய வேண்டாம். மூன்றாம் முறை ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. நைஜரில் அதிபர் இசூஃபு இரண்டு முறையோடு மரியாதையாக இறங்கினார், தேர்தலில் ஜெயித்து பஸூம் வந்தார். 2023 ஜூலையில் அவரைப் பிடித்து வைத்தது அவரைக் காக்க வேண்டிய காவல்படையின் தளபதி. வேலியே பயிரை மேய்ந்தது. தண்டனையாக மேற்கு ஆப்பிரிக்க அண்டை நாடுகள் எல்லையை மூடின, நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. இருட்டில் உட்கார்ந்தது சாதாரண ஜனம், தளபதிகள் அல்ல.

இன்னொன்று. நம் பத்திரிகைகள் இதை "ராணுவப் புரட்சி" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைவர்கள் பெயருக்கு முன்னால் பட்டமாகப் போடுகிற சொல்லையா இதற்கும் கொடுப்பது? ஆய்வேட்டில் "கவிழ்ப்பு" என்று எழுதியதற்கு, தமிழ்ச் சுருக்கத்தைத் திருப்பி அனுப்பி மாற்றச் சொன்னார்கள். உதவித்தொகையை எட்டு மாதம் இழுத்தடித்தவர்களுக்கு என் ஒரு சொல் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.

சரி, உங்கள் கேள்விக்கு: எடுங்கள். அட்டவணையில் ஒரு நெடுவரிசை மட்டும் கூடுதலாகப் போடுங்கள், கவிழ்ப்புக்கு முந்தைய மூன்று வருடங்களில் அரசியலமைப்பில் யார் கை வைத்தார்கள் என்று. நான் அதைப் போடவில்லை.