வயலைத் தாண்டிப் போன தண்ணீர் எல்லாம் வீணா?

கேள்வி: முரசுமோட்டைப் பக்கத்தில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வலதுகரை வாய்க்காலின் கடைப்பகுதியில் வயல் செய்கிறோம். நான் எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர். சிறுபோகக் (கோடைகாலப் பயிர்ச்செய்கைக்) கூட்டத்தில் ஓர் அதிகாரி, “உங்கள் நீர்ப்பாவனையின் வினைத்திறன் 40 வீதம்தான், மீதி வீண்” என்றார். இந்தக் கணக்கு எப்படி வந்தது? ஆறு முழுவதற்கும் சேர்த்துப் பார்ப்பதென்றால் எதை அளக்க வேண்டும்? எங்களால் அளக்க முடியுமா?

பதில்: 40 வீதம் என்ற எண்ணில் பெரிய பிழை இருக்காது. அதன் பின்னால் வந்த “மீதி வீண்” என்ற சொல்லைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

துருசில் (குளத்து மதகில்) திறந்த தண்ணீர் ஏக்கருக்கு 4.5 ஏக்கர் அடி, அதாவது வயலில் நாலரை அடி உயரத்துக்கு நிற்கும் அளவு, என்று வைத்துக்கொள்ளுங்கள். சோளகக் (தென்மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில் நெல்வயலிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர் வரை தண்ணீர் ஆவியாகும். நூறு நாளுக்கு ஏறக்குறைய 550 மில்லிமீற்றர், அதாவது 1.8 அடி. 1.8ஐ 4.5ஆல் வகுத்தால் 40 வீதம். கூட்டத்தில் சொன்னதும் இந்த வகைக் கணக்காகவே இருக்க வேண்டும். துருசைத் திறந்து மூடும் நேரம், முறைத் தண்ணீர், வாய்க்கால் துப்புரவு ஆகியவற்றைச் சீர்செய்ய இது நல்ல அளவுகோல். ஆற்றைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

மீதி 2.7 அடி எங்கே போனது? உழுது மிதித்துத் தண்ணீர் கட்டிய நாட்களில் வெறும் சேற்றிலிருந்து ஆவியானது ஒரு பங்கு. அது போனது போனதுதான். இன்னொரு பங்கு வாய்க்காலிலும் வயலிலும் கசிந்து நிலத்தடிக்குப் போகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் வட்டக்கச்சிப் பக்கத்துக் கிணறுகள் ஊறுவதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீரில்தான் வாழையும் மிளகாயும் நிற்கின்றன. மூன்றாவது பங்கு வரம்பைத் தாண்டி அடுத்த வயலுக்கும் கழிவு வாய்க்காலுக்கும் போகிறது. கடைப்பகுதியில் இருக்கிற நீங்களே அதில் கொஞ்சத்தைப் பம்ப் வைத்து இறைத்திருப்பீர்கள். கடைசியில் மிஞ்சியது சுண்டிக்குளம் களப்புப் (கடலோர உப்பேரிப்) பக்கம் போய் உப்பு நீரோடு கலக்கிறது. அதை எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே வடிநிலக் கணக்கில், அதாவது ஆறு முழுவதற்குமான கணக்கில், கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் திரும்ப எடுக்க முடியாத இடத்துக்குப் போனதா என்பதே. ஆவியானதும் உப்பில் கலந்ததும் செலவு. கிணற்றிலும் கீழ்க்குளத்திலும் சேர்ந்தது செலவில் வராது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தில் டேவிட் மோல்டன் 1997இல் எழுதிய நீர்க் கணக்கு முறையின் சாரமும் இதுதான்.

இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வவுனியாப் பக்கமிருந்து கனகராயன்குளம், மாங்குளம் வழியாக இரணைமடு வரை, வழியெங்கும் சிறிய குளங்கள். மேலே ஒரு குளத்தின் கட்டு கசிந்தால் அந்தக் குளத்துக் கமக்காரருக்கு நட்டம். கசிந்த தண்ணீரில் ஒரு பகுதி கீழே வந்து சேரும். மேலே உள்ளவர்கள் எல்லோரும் கட்டை உயர்த்தி, கசிவை அடைத்து, மிச்சம் பிடித்த தண்ணீரில் புதிதாகக் காணி விதைத்தால் அவர்களின் வினைத்திறன் எண் அழகாக ஏறும். இரணைமடுவுக்கு வரும் தண்ணீர் குறையும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் கொங்கிறீட் வாய்க்காலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைப்பகுதிக்குத் தண்ணீர் வந்துசேர கொங்கிறீட் வாய்க்கால் உதவும். ஆனால் கிணற்றுக்கு ஊறிய தண்ணீரை நிறுத்திவிட்டு அதைச் ‘சேமிப்பு’ என்று எழுதக்கூடாது.

வீதத்தோடு நிற்காமல், ஒரு கன மீற்றர் தண்ணீருக்கு எத்தனை கிலோ நெல் என்றும் பாருங்கள். ஏக்கருக்கு 2,000 கிலோ விளைந்தது என்று கொள்வோம். ஒரு ஏக்கர் அடி சுமார் 1,233 கன மீற்றர், 4.5க்கு ஏறத்தாழ 5,550. துருசுத் தண்ணீரால் வகுத்தால் 0.36 கிலோ. ஆவியான 2,230 கன மீற்றரால் வகுத்தால் 0.9 கிலோ. வயல் ஒன்று, விளைச்சல் ஒன்று, எண் இரண்டு. இனி யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்தத் தண்ணீரால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

அளப்பதற்கு வருவோம். துருசில் எத்தனை நாள், எவ்வளவு திறந்தார்கள் என்ற பதிவை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு கியூசெக் (செக்கனுக்கு ஒரு கன அடி) தண்ணீர் 12 மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் அடி. இந்த ஒன்றை மனத்தில் வைத்திருந்தால் கூட்டத்திலேயே கணக்குப் போடலாம். உங்கள் கிளை வாய்க்காலுக்குக் கருவி தேவையில்லை. நேராக ஓடும் 20 மீற்றர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறித்து, பாதி தண்ணீர் நிரப்பிய சிறு போத்தலை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 40 செக்கன் எடுத்தால் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். மேற்பரப்புத் தண்ணீர் அடித் தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் மண் வாய்க்காலுக்கு 0.7ஆல் பெருக்குங்கள். கொங்கிறீட் என்றால் 0.85 வரை கொள்ளலாம். மண் வாய்க்காலில் அகலம் 1.2 மீற்றர், ஆழம் 0.4 மீற்றர் என்றால் செக்கனுக்கு 168 லீற்றர், அதாவது சுமார் 6 கியூசெக். மூன்று நான்கு தடவை விட்டுச் சராசரி எடுங்கள். காற்று பலமாக அடிக்கும் பிற்பகலில் அளக்க வேண்டாம்.

இதே வேலையைக் கழிவு வாய்க்கால் கடைசியாகக் களப்பை நோக்கித் திரும்பும் இடத்திலும் செய்யுங்கள். வழக்கமாக எல்லோரும் விட்டுவிடும் அளவு இது. உங்கள் கேள்விக்கு விடை தரப்போவதும் இதுதான். அங்கே போவது கொஞ்சம் என்றால், ‘வீண்’ என்ற சொல்லை மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. நிறையப் போனால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இரவில் வயலில் யாரும் நிற்காத நேரத்துப் பாய்ச்சலை முதலில் பாருங்கள். களப்புக்குப் போகும் நன்னீர் முழுவதும் கேடு என்று சொல்லவும் மாட்டேன். இறாலுக்கும் பறவைக்கும் அது வேண்டும். களப்போரக் காணிகளின் உவரையும் அது கழுவுகிறது.

ஐந்தாறு கிணறுகளில் வாரம் ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள். விதைத்த பரப்பைச் செய்மதிப் படத்தில் சரிபார்க்க அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களை அணுகிப் பாருங்கள். சிறுபோகத்தில் முகில் குறைவு, படம் தெளிவாக விழும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஒதுக்கிய பங்குக்கு மேல் விதைத்த காணிகளும் அதில் தெரியும். அமைப்புக்குள் அதைப் பேசி முடித்துவிட்டு அளவில் இறங்குங்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. சேமித்தால் அந்தத் தண்ணீர் யாருக்குப் போகும்? யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுவிலிருந்து குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்ததும், பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டதும் தெரிந்த கதை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை, அதில் தப்பும் இல்லை. அளவுப் புத்தகம் அமைப்பின் கையில் இருக்கட்டும். திணைக்களத்துக்குப் பிரதி கொடுங்கள்.

ஒரு போகத்தில் எல்லாவற்றையும் அளக்க ஆள் கிடைக்காவிட்டால் துருசுப் பதிவையும் கழிவு வாய்க்காலையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த நாட்களைத் தனியே குறித்துவையுங்கள்; அந்த நாட்களின் கழிவைத் துருசுத் தண்ணீரோடு சேர்த்தால் கணக்குக் கெட்டுவிடும்.