ஸ்கிம்மியா பூக்கிறது, பழம் பிடிக்கவில்லையே!

கேள்வி: ஸ்கிம்மியா என்னும் பசுமைப் புதர்ச்செடி மூன்று வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் கொத்துக்கொத்தாகப் பூக்கின்றன. ஒரு சிவப்புப் பழம்கூட இல்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தில் குறையில்லை. ஸ்கிம்மியா ஜப்பானிக்காவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் பழம் பிடிக்கும்; பக்கத்தில் ஆண் செடியும் பூத்திருக்க வேண்டும். வசந்தத்தில் பூ விரிந்ததும் ஒரு கொத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மஞ்சள் மகரந்தத்தோடு கேசரங்கள் (மகரந்தத் தாள்கள்) வெளியே நீட்டியிருந்தால் ஆண். நடுவில் பச்சையாகச் சின்ன உருண்டை திரண்டு, கேசரங்கள் சூம்பியிருந்தால் பெண்.

பலரும் ஏமாறுவது 'ருபெல்லா' ரகத்தில். குளிர்காலம் முழுக்கச் சிவந்த மொட்டுகளோடு அத்தனை அழகாக நிற்கும். ஆனால் அது ஆண். எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் காய்க்காது. உங்களிடம் இருப்பவை மூன்றும் அதுவானால், 'நைமன்ஸ்' போன்ற பெண் ரகம் ஒன்றைப் பக்கத்தில் நடுங்கள். ஐந்தாறு பெண் செடிகளுக்கு ஓர் ஆண் செடி தாராளம். ஒரே செடிக்குத்தான் இடம் என்றால் 'ரீவ்சியானா' வாங்குங்கள். அது இருபால் பூ பூப்பதால் தனியாகவே காய்க்கும். சுண்ணாம்பு மண் மட்டும் அதற்கு ஆகவே ஆகாது. பழத்தை வாயில் போடக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

கேள்வி: இலைகள் மஞ்சளடிக்கின்றன. என்ன செய்வது?

பதில்: எந்த இலை, எப்படி மஞ்சளானது என்று முதலில் பாருங்கள். வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறியிருந்தால் வெயில்தான் காரணம். இது நிழல் விரும்பும் செடி. இலையுதிர்காலத்தில் வேர்மண் உதிராமல் தோண்டி, அரைநிழலுக்கு மாற்றுங்கள். இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். அப்போது சாதாரண உரம் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. வேர் எளிதில் எடுக்கும் வடிவிலுள்ள இரும்புச்சத்தான இரும்புச் சீலேட்டைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீரானால் மழைநீரே நல்லது. தண்டைத் தொடாமல் 5 செ.மீ. கனத்துக்கு இலைமக்கு பரப்பி வையுங்கள். மண்ணின் கார அமில நிலை (pH) 5 முதல் 6.5 வரை இருந்தால் செடி செழிக்கும்.

மஞ்சளாக இல்லாமல், ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் நிறைந்திருந்தால் அது இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேனின் வேலை. வறண்ட இடத்தில் அதிகம் வரும். இலையின் இருபுறமும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கேள்வி: கவாத்து செய்யலாமா?

பதில்: பெரும்பாலும் தேவையே இல்லை. ஆண் செடியைப் பூத்து முடிந்தவுடன் லேசாக ஒழுங்குபடுத்தலாம். பெண் செடியில் பூங்கொத்தை வெட்டினால் அந்த ஆண்டுப் பழம் போச்சு. நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை மட்டும் எடுங்கள்.

கேள்வி: எங்கள் மண் முழுக்கச் சுண்ணாம்பு. நிழலுக்கு வேறு பசுமைச் செடி?

பதில்: ஆக்குபா, சார்கோகாக்கா இரண்டும் தாங்கும். ஆக்குபாவிலும் ஆண், பெண் தனித்தனி. பழம் வேண்டுமானால் இரண்டையும் வையுங்கள். பியரிஸ் வேண்டாம், அதுவும் அமில மண் கேட்கும். ஸ்கிம்மியாதான் வேண்டுமென்றால் 30 செ.மீ. தொட்டியில் அமில மண்கலவை நிரப்பி வளர்க்கலாம்.